எங்க தெருவுக்கு இன்னிக்குத் தண்ணி உண்டா? பேரூராட்சிக்கு ஒரு சேவைப் பக்கம் உருவாக்கும் முழு வழிகாட்டி

பேரூராட்சி அலுவலகத்தில் தொலைபேசி இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் காலை 10 மணிக்கு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். மணி அடிக்கும். "சார், எங்க தெருவுக்கு இன்னிக்குத் தண்ணி உண்டா?" இளநிலை உதவியாளர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்துக் கேட்பார். உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. அவர் தன் செல்போனில் தண்ணீர் திறந்துவிடும் ஊழியரைக் கூப்பிடுவார். அந்த மனிதர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "மோட்டார் ரிப்பேர், சாயங்காலத்துக்கு மேலதான்" என்பார். அந்தப் பதில் வந்த வழியே திரும்பிப் போய்ச் சேருவதற்குள் அடுத்த தெருக்காரர் கூப்பிட்டிருப்பார்.

இந்த ஒரு கேள்விக்குக் கைபேசியிலேயே பதில் கிடைக்கும்படி ஒரு இணையப் பக்கம் செய்வது எப்படி என்று பார்ப்போம். ஒரு சிறிய பேரூராட்சிக்காக நான் இதைச் செய்தபோது, நிரல் எழுத ஆனது 3 வார இறுதிகள். மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 மாதம். கட்டுரையும் அதே விகிதத்தில்தான் இருக்கும். பைதானில் ஒரு கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்கத் தெரிந்தால் போதும். தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு வாரம் கோடு போடுங்கள்

எடுத்த எடுப்பில், எல்லா எண்களையும் ஒரே திரையில் காட்டும் 'டேஷ்போர்டு' செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். டேஷ்போர்டு பெரும்பாலும் ஆய்வுக்கூட்டத்தில் ஒரு முறை காட்டப்படும், அப்புறம் யாரும் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளையும் நேரில் வருபவர்களையும் எண்ணுங்கள். தண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி, வரி ரசீது, பிறப்புச் சான்றிதழ் என்று பத்தி பிரித்து, கேள்வி வர வர ஒரு கோடு.

எந்தப் பத்தியில் கோடு அதிகமோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. வரி கட்டுவதற்கும் சான்றிதழ்களுக்கும் மாநில அளவில் இணையதளங்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் இன்னொரு கடை விரிக்க வேண்டாம். பதில் உள்ளூரில் மட்டுமே இருக்க வேண்டும், அடிக்கடி மாற வேண்டும், ஒரு நாள் தவறாகப் போனாலும் யாருக்கும் பெரிய நட்டம் வரக் கூடாது. தண்ணீர் முறை இந்த மூன்றுக்கும் பொருந்தும்.

ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்ட கருவிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் நல்ல உதாரணம். அங்கே பனிக்காலத்தில் தீயணைப்பு நீர்க்குழாய்கள் பனியில் புதைந்துவிடும். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள குழாயை 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் பொறுப்பேற்று, அதைச் சுற்றிப் பனியை அள்ளிவிடுவதற்காக ஒரு சின்ன இணையப் பக்கம் எழுதினார்கள். குழாய்களின் பட்டியலும் வரைபடமும்தான் அதன் தரவு, வேறொன்றுமில்லை. அதே நிரலை ஹொனலூலு நகரம் எடுத்து, சுனாமி எச்சரிக்கைச் சங்குகளைப் பார்த்துக்கொள்ளப் பயன்படுத்தியது. அங்கே சங்கின் பேட்டரிகள் திருடுபோகிற பிரச்சினை. பனியே விழாத ஊருக்கும் அந்த நிரல் பயன்பட்டதற்குக் காரணம், அது அவ்வளவு சிறியதாக இருந்ததுதான்.

2. எழுத்தில் வாங்குங்கள்

செயல் அலுவலர் வாயால் "செய்ங்க தம்பி" என்று சொன்னது அனுமதி ஆகாது. அவர் அடுத்த மாதம் மாறுதலில் போய்விடலாம். ஒரு பக்கக் கடிதம் போதும்: என்ன தரவு வேண்டும், எதற்கு, யார் பெயரில் பக்கம் இருக்கும், செலவு யாருடையது. முடிந்தால் மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். தீர்மான எண் கையில் இருந்தால் அடுத்து வருபவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

பதிவேட்டைக் காட்டத் தயங்கினால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவைப் பணிவாக நினைவூட்டலாம். யாரும் மனுப் போடாமலே அலுவலகம் தானாக வெளியிட வேண்டிய தகவல்களை அது வரிசையாகச் சொல்கிறது. சண்டைக்குப் பயன்படுத்தாதீர்கள். நாளைக்கும் அதே அலுவலகத்தில்தான் உட்கார வேண்டும்.

3. வால்வு திறப்பவரோடு ஒரு விடியற்காலை

இந்தப் படியைத் தவிர்த்தால் மற்ற எதுவும் நிற்காது.

அலுவலகத்தில் ஒரு 'குடிநீர் விநியோக அட்டவணை' கொடுப்பார்கள். வார்டு வாரியாக, நாள் வாரியாக, கட்டம் போட்டு அழகாக இருக்கும். அதை வைத்துத்தான் நான் முதல் பக்கத்தைச் செய்தேன். முதல் நாளே மூன்று தெருக்களுக்குத் தவறு. அட்டவணை என்றைக்கோ யாரோ மேலிடத்துக்கு அனுப்பத் தயாரித்தது. உண்மையான அட்டவணை, தண்ணீர் திறந்துவிடும் அண்ணனுடைய சட்டைப் பையில், அடகுக் கடை இலவசமாகக் கொடுத்த டைரியில் இருந்தது. பாதி அதுவும் இல்லை, தலைக்குள் இருந்தது.

அவரோடு அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினேன். மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் முதல் வால்வு. அதை 8 சுற்றுத் திறந்தார். "ஏண்ணே முழுசாத் திறக்கல?" "முழுசாத் திறந்தா கீழத்தெருக்காரனே எல்லாத்தையும் இழுத்துருவான் தம்பி. மேட்டுக்கு ஏறாது." அடுத்த வால்வு பூக்காரம்மாவின் பலகைக்கு அடியில். இன்னொன்று டெய்லர் கடை வாசலில் சாக்கடைப் பலகையைத் தூக்கினால் தெரியும். எதற்கும் எண் இல்லை. 'டெய்லர் கடை வால்வு', 'பள்ளிக்கூடத்து வால்வு' என்றுதான் பெயர்.

அட்டவணை வார்டு வாரியாக இருக்கிறதே என்று கேட்டேன். "வார்டெல்லாம் ஓட்டுக்குத்தான் தம்பி. தண்ணிக்கு வேற கணக்கு." அதுதான் முழுக் கட்டமைப்பையும் மாற்றியது. பெருமாள் கோயில் தெருவின் மேல்பாதி ஒரு வால்வில், கீழ்ப்பாதி இன்னொரு வால்வில். ஒரே வார்டு, ஒரே தெரு, ஆனால் வெவ்வேறு நாள். வார்டு எல்லை மறுவரையறையில் மாறும். மண்ணுக்கு அடியில் இருக்கும் குழாய் மாறாது. ஆகவே நம் தரவின் அடிப்படை அலகு வார்டும் அல்ல, தெருவும் அல்ல. வால்வு.

மூன்று காலைகள் சுற்றினால் ஒரு சிறிய ஊரின் எல்லா வால்வுகளும் கைக்கு வந்துவிடும். ஒவ்வொன்றின் இடத்தையும் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், அவர் சொல்லும் பெயரையே எழுதுங்கள். நீங்களாக ஒரு நாகரிகப் பெயர் வைக்காதீர்கள்.

4. அட்டவணைகள்

நான்கு அட்டவணை போதும். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் வைக்கலாம், காற்புள்ளியால் பத்தி பிரித்த நான்கு சிஎஸ்வி கோப்புகளாக இருந்தாலும் தப்பில்லை.

தெரு: தெ041 | பெருமாள் கோயில் தெரு, மேல்பகுதி | வார்டு 7
வால்வு: வா12 | டெய்லர் கடை வால்வு | தொட்டி 2
இணைப்பு: தெ041 | வா12
நிகழ்வு: வா12 | 2024-06-11 04:10 | திறப்பு

தெருவின் பெயரை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். பெயர் மாறும். தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்கும்படி 2025இல் தமிழக அரசு ஆணையிட்டது; பெயரையே திறவுகோலாக வைத்திருந்தால் அன்றைக்கு மொத்தத் தரவும் அறுந்து போயிருக்கும். 'தெ041' மாதிரி ஒரு எண் கொடுத்து, பெயரைப் பக்கத்தில் வையுங்கள். பழைய பெயரையும் அழிக்காதீர்கள். மக்கள் அதைத்தான் தேடுவார்கள்.

இன்னொன்று. உள்ளாட்சி அமைப்புகள் ஒவ்வொன்றுக்கும் மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒரு தனி எண் உண்டு. உங்கள் ஊரின் எண்ணை எல்லா அட்டவணையிலும் ஒரு பத்தியாக இன்றே சேர்த்துவிடுங்கள். பக்கத்து ஊர் 'எங்களுக்கும் வேண்டும்' என்று வரும்போது உங்கள் தெ041உம் அவர்கள் தெ041உம் மோதிக்கொள்ளாது.

நிகழ்வு அட்டவணையில் சேர்ப்பது மட்டும்தான், திருத்துவது கிடையாது. தவறாகப் பதிந்தால் 'ரத்து' என்று இன்னொரு வரி. கணக்குப் பிள்ளை நோட்டில் அடித்து எழுதாத மாதிரி.

5. பெயர்களைச் சுத்தம் செய்வது

எந்த ஆங்கிலப் பாடத்திலும் சொல்லித் தராத பகுதி இது. தமிழில் உள்ளாட்சித் தரவைத் தொடுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

முதல் சிக்கல், எழுத்துரு. தமிழ்நாட்டு அலுவலகங்களில் பழைய கோப்புகள் பலவும் வானவில் போன்ற, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்குமான உலகப் பொதுக் குறியீட்டு முறை) அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. யூனிகோடும், தமிழுக்கென உருவாக்கிய டேஸ்16 குறியீட்டு முறையும்தான் தரம் என்று தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் பழைய கோப்பும் பழைய பழக்கமும் இருக்கின்றன. அவற்றைப் பைதானில் படித்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துக் குப்பை வரும். 'ஓப்பன் தமிழ்' என்ற பைதான் நூலகத்தில் இதற்கான மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு முதல் 100 வரிகளையாவது கண்ணால் படித்துப் பாருங்கள். இடையில் யாராவது ஒரு வரியை மட்டும் வேறு எழுத்துருவில் அடித்திருப்பார்கள்.

இரண்டாவது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து கணினிக்கு வேறாக இருப்பவை. 'கொளத்தூர்' என்பதில் உள்ள 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. தேடினால் ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. பைதானின் 'யூனிகோடுடேட்டா' தொகுப்பில் என்எஃப்சி என்ற முறையில் இயல்பாக்கினால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இந்தத் தொல்லை தீரும். உள்ளே வரும் எல்லாத் தமிழுக்கும், பயனர் தேடும் சொல்லுக்கும் இதை ஓட்டுங்கள்.

ஆனால் என்எஃப்சி தீர்க்காத மூன்று உண்டு.

'ர்' என்பதற்குப் பதில் காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது அடிக்கடி வரும். கால் குறிக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது. எனவே கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் 'ர்' என்று மாற்றிவிடலாம்.

'ஔவையார் தெரு'வை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். 'கௌரி நகர்' என்பதும் அப்படியே: ஒற்றைக் கொம்பு, க, ள. இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. மாற்றினால் 'ஒளி நகர்' உடைந்துபோகும். இப்படிப்பட்ட பெயர்கள் ஓர் ஊரில் பத்துக்குள்தான் இருக்கும். கையால் திருத்துவதே வேகம்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத பூச்சிய அகல எழுத்துகள். வாட்ஸ்அப்பிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் நகலெடுத்த பெயர்களில் ஒட்டிக்கொண்டு வரும். நீக்கிவிடுங்கள்.

அடுத்தது எழுத்து வழக்கு. கோவில், கோயில். குறுக்குத் தெரு, கு.தெ., கிராஸ். மேலத்தெரு, மேலைத் தெரு, மேற்குத் தெரு. 'ஒத்துப்போகிற பெயர்களைத் தானே கண்டுபிடிக்கும்' நூலகங்களை இங்கே நம்ப வேண்டாம். அவை எத்தனை எழுத்து மாறுகிறது என்று எண்ணிப் பார்ப்பவை. '1வது தெரு'வுக்கும் '7வது தெரு'வுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'மாரியம்மன் கோவில் தெரு'வுக்கும் 'மாரியம்மன் கோயில் தெரு'வுக்கும் அதே ஒரு எழுத்துதான். முதல் ஜோடி வேறு வேறு தெரு, இரண்டாவது ஜோடி ஒரே தெரு. இதை எண்ணிக்கை சொல்லாது, ஊர்க்காரர்தான் சொல்வார். நூலகத்தைச் சந்தேகப் பட்டியல் எடுக்க மட்டும் பயன்படுத்தி, முடிவை வரி வசூலரிடம் விடுங்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றிருப்பவர் அவர். நான் பட்டியலை நீட்டியபோது டீ ஆறுவதற்குள் 60 பெயர்களை முடித்துக் கொடுத்தார்.

6. எக்செல் செய்யும் சேட்டை

கதவு எண் 12/5 என்று இருக்கும். எக்செல் அதை மே மாதம் 12 என்றோ டிசம்பர் 5 என்றோ எடுத்துக்கொள்ளும். சேமித்த பிறகு பழைய எண் திரும்ப வராது. 0047 என்ற வரிவிதிப்பு எண் 47 ஆகிவிடும். நீளமான எண்கள் நடுவில் புள்ளியும் 'இ' எழுத்தும் போட்டுச் சுருங்கிவிடும். இதற்கெல்லாம் ஒரே வழி, தரவைத் தட்டச்சு செய்யத் தொடங்கும் முன்பே எல்லாப் பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வகையாக மாற்றிவிடுவது. அட்டவணைத் தரவைக் கையாளும் 'பாண்டாஸ்' என்ற பைதான் நூலகத்தில் படிக்கும்போதும் எல்லாவற்றையும் எழுத்தாகவே படியுங்கள். எண்ணாக மாற்ற வேண்டியதை அப்புறம் நீங்களே மாற்றுங்கள்.

சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறி ஆகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதை எடுங்கள். இதை ஒரு தாளில் எழுதி அலுவலகக் கணினி மேல் ஒட்டினேன்.

7. அடுத்த முறை எப்போது?

'ஒரு நாள் விட்டு ஒரு நாள்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் வா12 என்று நிரலில் எழுதிவிடத் தோன்றும். 31ஆம் தேதி ஒற்றைப்படை, மறுநாள் 1ஆம் தேதியும் ஒற்றைப்படை. மாதம் முடிந்ததும் மாட்டிக்கொள்வீர்கள்.

நாட்காட்டியை விட்டுவிடுங்கள். மின்வெட்டு வந்தாலோ கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் உடைந்தாலோ அன்றைய முறை மறுநாளுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் உள்ள எல்லா முறையும் சேர்ந்து தள்ளும். தண்ணீர் விடுபவர் மனதில் இருப்பது தேதி இல்லை, வரிசை: கடைசியாக யாருக்கு விட்டேன், அடுத்து யார். நிரலும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் வால்வுகளின் வரிசை ஒன்று. கடைசி நிகழ்வு எந்த வால்வு என்று பார்த்து அதிலிருந்து எண்ணுங்கள்.

எத்தனை நாளில் வரும் என்று சொல்ல, அந்த வால்வு கடைசியாகத் திறந்த சில முறைகளுக்கு இடையிலான இடைவெளிகளை எடுத்து, சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பை (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்கும் எண்) வையுங்கள். இடைவெளி 2, 2, 3, 2, 9 நாட்கள் என்றால் சராசரி 3.6. மோட்டார் எரிந்துபோன அந்த ஒரு வாரம் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடுகிறது. நடுமதிப்பு 2. ஊர்க்காரரைக் கேட்டாலும் '2 நாளைக்கு ஒருக்கா' என்றுதான் சொல்வார்.

நேர மண்டலம் பற்றி ஒரு அனுபவம். சோதனை ஓட்டத்தில் எல்லாத் தெருவுக்கும் 'நேற்று இரவு தண்ணீர் வந்தது' என்று காட்டியது. இரவில் யாரும் திறப்பதே இல்லை. இரண்டு மாலைகள் தேடிய பிறகு புரிந்தது: சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மூர் அதிகாலை 4:10 என்பது அதற்கு முந்தைய நாள் இரவு 10:40. வேறு வேலைகளில் ஐந்தரை மணி நேரப் பிழை கண்ணில் படாமல் போகலாம். விடியற்காலையில் நடக்கும் வேலையில் அது ஒரு நாளையே விழுங்கிவிடும். நேரத்தைப் பொது நேரத்தில் சேமியுங்கள். நாள் எது என்று தீர்மானிக்கும் முன் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

8. மூன்று பொத்தான்

இதுவரை செய்ததெல்லாம் ஒருவர் தினமும் தகவல் கொடுத்தால்தான் உயிரோடு இருக்கும். கொடுக்க வேண்டியவர் அதிகாலையில், ஒரு கையில் வால்வுச் சாவியோடு, ஈரக் கையோடு நிற்பவர். அவரிடம் பயனர் பெயர், கடவுச்சொல், கீழ்விழும் பட்டியல் என்று நீட்டினால் மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார்.

அவர் கைபேசியில் திறக்கும் பக்கத்தில் அன்றைய வரிசையில் அடுத்த வால்வு மட்டும் தெரியட்டும். கீழே திரை அகலத்துக்கு மூன்று பொத்தான்: 'திறந்தாச்சு', 'தாமதம்', 'இன்னிக்கு இல்லை'. எழுத்து தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அழுத்தியதும் அடுத்த வால்வு வரட்டும். தொட்டிக்கு அடியில் சிக்னல் இருக்காது. அழுத்திய நேரத்தைக் கைபேசியிலேயே குறித்து வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் தானே அனுப்பும்படி செய்யுங்கள். அழுத்திய நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டும் தனித்தனிப் பத்தி.

நான் இதைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நான் 10 நிமிஷம் லேட்டாப் போனா இதுல தெரியுமா?"

தெரியும். இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லாவிட்டால் கருவி அன்றே முடிந்தது. செயல் அலுவலரிடம் போய், இந்தத் தரவை வருகைப்பதிவுக்கோ விளக்கம் கேட்கவோ பயன்படுத்தக் கூடாது என்று அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். பொதுப் பக்கத்தில் நிமிடக் கணக்கு இல்லை, 'காலை 4–6' என்று மட்டும். பதிலுக்கு அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமே. மாதக் கடைசியில் கையால் எழுதிக் கொடுக்க வேண்டிய விநியோக அறிக்கையை இந்த நிகழ்வுகளிலிருந்தே அச்சடித்துக் கொடுக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முழு வேலையிலும் சிறியது அந்த 40 வரிதான். தினமும் அவர் பொத்தானை அழுத்துவதற்குக் காரணமும் அதுவே.

9. மக்கள் பார்க்கும் பக்கம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மக்கள் பக்கத்தைத் திறக்கும்போது சர்வரில் எந்த நிரலும் ஓட வேண்டாம். 10 நிமிடத்துக்கு ஒருமுறை பைதான் ஸ்கிரிப்ட் ஜேசான் வடிவில் ஒரு தரவுக் கோப்பை எழுதும். ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம் அதைப் படித்துக் காட்டும். யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அப்படி இருந்தும் 400 தெருக்களின் மொத்தத் தரவு 100 கேபிக்குள் அடங்கிவிடும். எவ்வளவு மோசமான இணைப்பிலும் திறக்கும், மாதச் செலவும் கிட்டத்தட்ட இல்லை.

வரைபடம் வேண்டுமா? வரைபடம் காட்டும் லீஃப்லெட் நூலகமும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடமும் இருக்கின்றனவே என்று எனக்கும் கை அரித்தது. தன் தெரு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் வரைபடத்தில் காட்ட வேண்டியதில்லை. ஊழியர்களுக்கு வால்வு எங்கே என்று காட்டத்தான் அது உதவியது, குறிப்பாகப் பழைய ஆள் விடுப்பில் போன நாட்களில். பொதுப் பக்கத்தில் ஒரு தேடல் பெட்டி மட்டும் வைத்தேன்.

தேடுகிறவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், அதுவும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொரு தெருவுக்கும் மாற்றுப் பெயர்ப் பத்தியில் இவற்றையும் சேருங்கள். தேடி ஒன்றும் கிடைக்காத சொற்களை மட்டும், யார் தேடினார் என்ற விவரம் இல்லாமல், சேமித்து வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். 'தண்ணி டேங்க் பக்கம்' என்று பலர் தேடியிருந்தார்கள். அது ஒரு தெருவே இல்லை. இருந்தாலும் சேர்த்துவிட்டேன்.

கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு வரி: 'கடைசியாகத் தகவல் வந்தது: இன்று காலை 4–6'. ஒரு நாளுக்கு மேல் தகவல் வராவிட்டால் பழைய கணிப்பைக் காட்டிக்கொண்டே இருக்காமல், 'தகவல் வரவில்லை' என்று பக்கம் தானாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை குடத்தோடு காத்திருந்து ஏமாந்தவர் மறுபடி உங்கள் பக்கத்தைத் திறக்க மாட்டார்.

10. எதைப் போடக் கூடாது

பெயர், கைபேசி எண், யார் வரி பாக்கி, யார் வீட்டில் எத்தனை இணைப்பு: எதுவும் வேண்டாம். தெருப் பட்டியலுக்காக வரிப் பதிவேட்டை வாங்கினால், உரிமையாளர் பெயர்ப் பத்தியை உங்கள் கணினிக்கு வரும் முன்பே அலுவலகத்திலேயே நீக்கித் தரச் சொல்லுங்கள். 2023இல் மின்னணு முறையிலான தனிநபர் தரவைப் பாதுகாக்கும் சட்டமே வந்துவிட்டது. அதைவிட, நம்மிடம் இல்லாத தரவு கசியாது என்பது எளிய கணக்கு. அரசு சர்வருக்கு மாற்றுவதாக இருந்தால் பாதுகாப்புத் தணிக்கை கேட்பார்கள். சர்வரில் ஒன்றும் ஓடாத பக்கம் என்றால் அதுவும் சுலபமாகிறது.

11. ஓடவிட்டுப் பாருங்கள்

ஒரு மாதம் ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் ஓடவிடுங்கள். பக்கம் சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகிறதா என்று அந்தப் பகுதியில் நான்கு வீடுகளைக் கேளுங்கள். அப்புறம் க்யூஆர் குறியீட்டை அச்சடித்து ரேஷன் கடை, டீக்கடை, அலுவலக வாசலில் ஒட்டலாம். பேரூராட்சியில் பகுதி சபை கூடினால் அங்கே காட்டுங்கள். ஊராட்சிக்குச் செய்கிறவர்களுக்குக் கிராமசபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது.

முதல் படியில் கோடு போட்ட நோட்டை மறுபடி எடுத்து இன்னொரு வாரம் எண்ணுங்கள். எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதைவிட, தொலைபேசி எத்தனை முறை அடிக்கவில்லை என்பதுதான் அலுவலகத்துக்குப் புரியும் கணக்கு.

ஓர் ஆண்டுத் தரவு சேர்ந்த பிறகு, எந்த மோட்டார் எப்போது பழுதாகும் என்று கணிக்கலாமே என்று யாராவது வருவார்கள். முடியாத காரியம் இல்லை. சிகாகோ மாநகராட்சி உணவகச் சோதனைகளை எந்த வரிசையில் செய்வது என்று பழைய மீறல்கள், சுற்றுவட்டாரப் புகார்கள், வானிலை முதலியவற்றை வைத்துக் கணித்துப் பார்த்தது. கடுமையான மீறல்கள் சராசரியாக 7 நாளுக்கு மேல் முன்னதாகவே பிடிபட்டன. நிரலையும் எல்லோருக்கும் திறந்து வைத்தது. ஆனால் அவர்களிடம் பல ஆண்டுச் சோதனைப் பதிவுகள் ஒழுங்காக இருந்தன. நாம் முதலில் தினமும் பொத்தான் அழுத்தப்படுகிறதா என்று பார்ப்போம்.

12. ஒப்படைப்பு

டொமைன் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது. புதுப்பிக்கும் தேதி அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டும். நிரல், நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில்; கடவுச்சொற்கள் சீலிட்ட உறையில் செயல் அலுவலரிடம். தினமும் இரவு தரவு தானாக ஒரு பென் டிரைவுக்கும் நகலாகட்டும். புதிதாக வருபவருக்கு ஒரே ஒரு பக்கம் தமிழில்: புதுத் தெரு வந்தால் எங்கே சேர்ப்பது, வால்வு மாறினால் என்ன செய்வது, பக்கம் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது. அதை எழுதியதும், கணினியே பிடிக்காத ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, நீங்கள் வாயே திறக்காமல், ஒரு தெருவைச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஆள் இரண்டாம் வரியில் நின்றுவிட்டார். திருத்தி எழுதினேன். மூன்றாவது முயற்சியில் சேர்த்துவிட்டார்.

அடகுக் கடை டைரியை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மாதம் ஒருமுறை அதில் ஏதாவது ஒரு பக்கத்தை வாங்கி நிகழ்வு அட்டவணையோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். எங்களுக்கு வித்தியாசம் வந்த இடங்களில் பெரும்பாலும் டைரிதான் சரியாக இருந்தது.